குமிழைத் தொடாத மாத்திரை எதைத் தொடுகிறது?

கேள்வி: ஐயா, என் தம்பிக்கு 27 வயது. மூன்று வருடங்களுக்கு முன்பு மலத்தில் ரத்தம் போனது. கொலனோஸ்கோபி செய்து பார்த்துவிட்டு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், அதாவது பெருங்குடலில் அழற்சியும் புண்ணும் வரும் நோய், என்றார்கள். மெசாலமைன் மாத்திரை சாப்பிட்டு ஒன்றரை வருடமாக நன்றாக இருக்கிறான். இப்போது ஏதோ வீடியோ பார்த்துவிட்டு, “குடல் பாக்டீரியா கண்ணுக்குத் தெரியாத குமிழ்களை விடுகிறது. அவை செல்லுக்குள் புகுந்துதான் அழற்சி வருகிறது. மாத்திரை அதைத் தொடவே தொடாது” என்கிறான். ஒரு நாள் ஆன்டிபயாடிக் போட்டு எல்லாப் பாக்டீரியாவையும் கொன்றுவிடலாம் என்கிறான். இன்னொரு நாள், நல்ல பாக்டீரியாவின் குமிழ்களைக் காப்ஸ்யூலாக விற்கிறார்களாம், அதை வாங்கப் போகிறேன் என்கிறான். மாத்திரையைப் பாதியாகக் குறைத்துவிட்டான் என்பது நேற்றுதான் எனக்குத் தெரிந்தது. இந்தக் குமிழ் விஷயம் உண்மையா? அவனிடம் நான் என்ன சொல்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதல் வேலை, பாதியாக்கிய மாத்திரையை மருத்துவர் எழுதிக்கொடுத்த அளவுக்கே திரும்பக் கொண்டுவருவது. எத்தனை நாளாகக் குறைத்திருந்தார் என்பதை மறைக்காமல் அவருடைய மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

உங்கள் தம்பி சொன்னதில் பெரும்பகுதி உண்மை. பாக்டீரியா குமிழ்களை உதிர்ப்பது உண்மை, அவை நம் செல்களுக்குள் போவது உண்மை, அழற்சியைத் தூண்டுவதும் உண்மை. அவர் பிசகியது “மாத்திரை அதைத் தொடவே தொடாது” என்ற வரியில். அந்த வரி ஏன் தவறு என்று புரிய, குமிழ் என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும். இதை அவரிடமே படிக்கக் கொடுங்கள். தேடிப் படிக்கிற பிள்ளையிடம் “பேசாமல் மாத்திரையைப் போடு” என்றால் அது பதிலாகாது.

கிராம் நெகட்டிவ் வகைப் பாக்டீரியாவுக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு சவ்வுகள் உண்டு. நடுவில் பெப்டிடோகிளைக்கன் என்ற மெல்லிய வலைச்சுவர். வெளிச்சவ்வு அங்கங்கே புடைத்து, அடிப்பக்கம் இறுகி, சின்ன உருண்டையாகப் பிரிந்துபோகிறது. நாம் பேசும் குமிழ் அதுதான். குறுக்களவு பெரும்பாலும் 20 முதல் 250 நானோமீட்டர். ஒரு ஈ.கோலை பாக்டீரியாவின் நீளம் ஏறக்குறைய 2,000 நானோமீட்டர் என்பதோடு ஒப்பிட்டால் அளவு புரியும். 1967இல் கல்கத்தாவில் எஸ்.என். சாட்டர்ஜி, ஜே. தாஸ் என்ற இரு ஆய்வாளர்கள் காலரா கிருமியை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, அதன் செல்சுவர்ப் பொருள் இப்படிப் புடைத்துப் பிரிவதைப் பதிவு செய்தார்கள். அதற்குப் பிறகும் ரொம்ப காலம் இதைச் செல்லின் உதிரிக் குப்பை என்றே பலர் நினைத்தார்கள். குப்பை இல்லை என்று தெரிந்ததற்குக் காரணம், குமிழுக்குள் இருக்கும் சரக்கு. நச்சுப் புரதங்கள், நொதிகள், ஆர்.என்.ஏ. துண்டுகள், பெப்டிடோகிளைக்கன் துணுக்குகள் என்று பலவும் உள்ளே இருக்கின்றன. அதில் சில புரதங்கள் தாய்ச் செல்லில் இருக்கும் விகிதத்தைவிடக் குமிழில் அதிகம் சேர்ந்திருக்கின்றன. வெளிச்சவ்வே இல்லாத கிராம் பாசிட்டிவ் பாக்டீரியாவும் குமிழ் விடும். அங்கே அது உள்சவ்விலிருந்து வருகிறது.

குமிழின் மேற்புறத்தில் லிப்போபாலிசாக்கரைடு, சுருக்கமாக எல்.பி.எஸ்., நெருக்கமாகப் பதிந்திருக்கிறது. 1892இல் ரிச்சர்ட் ஃபைஃபர் காலரா கிருமியில் கண்டு ‘எண்டோடாக்சின்’ என்று பெயர் வைத்த பொருள் இதுதான். கிருமிகளை விழுங்கும் நம் மேக்ரோபேஜ் செல்களின் மேல் டி.எல்.ஆர்.4 என்ற ஏற்பி, அதாவது செய்தியை வாங்கும் புரதம், இருக்கிறது. எல்.பி.எஸ். அதைத் தட்டியதும் செல்லுக்குள் வரிசையாகச் செய்தி போய், கடைசியில் என்.எஃப். கப்பா பி என்ற புரதம் விழித்துக்கொள்கிறது. அது உட்கருவுக்குள் நுழைந்து டி.என்.எஃப்., இன்டர்லூகின் 6, இன்டர்லூகின் 8 போன்ற அழற்சிச் செய்திப் பொருள்களுக்கான ஜீன்களை இயக்குகிறது. இன்டர்லூகின் 8 வந்தால் நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளை அணுக்கள் கூட்டமாக ஓடி வரும். டி.எல்.ஆர்.4தான் எல்.பி.எஸ்.ஸின் ஏற்பி என்று 1998இல் எலிகளில் காட்டியதற்காகத்தான் புரூஸ் பாய்ட்லருக்கு 2011 நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. என்.எஃப். கப்பா பி என்ற பெயரை மட்டும் தம்பி நினைவில் வைத்துக்கொள்ளட்டும், அதற்குத் திரும்பி வருவேன்.

இதுவரை சொன்னது வாசலில் நடப்பது. உள்ளே நடப்பது இன்னும் சுவாரசியம். செல் தன் சவ்வை உள்மடித்துக் குமிழை விழுங்குகிறது. விழுங்கிய பையிலிருந்து எல்.பி.எஸ். செல்லின் உள்நீர்மத்துக்குக் கசிந்துவிட்டால், அங்கே வேறு காவல் புரதங்கள் இருக்கின்றன: மனிதர்களில் காஸ்பேஸ் 4, காஸ்பேஸ் 5, எலிகளில் காஸ்பேஸ் 11. உயிருள்ள பாக்டீரியா செல்லுக்குள் நுழையாமலே, ஈ.கோலையின் குமிழ்கள் மட்டும் எல்.பி.எஸ்.ஸை அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பதை 2016இல் காட்டினார்கள். காவல் விழித்தால் காஸ்டெர்மின் டி என்ற புரதம் வெட்டுப்பட்டு, செல்சவ்வில் துளை போடுகிறது. செல் ஊதி வெடிக்கிறது. இதைப் பைராப்டோசிஸ் என்கிறோம். வெடிக்கும் செல்லிலிருந்து இன்டர்லூகின் 1 பீட்டா வெளியேறி அக்கம்பக்கத்துச் செல்களை எழுப்புகிறது. நோய்க்கிருமி உள்ளே வந்திருந்தால் இது சரியான தற்காப்பு, ஏனென்றால் கிருமி ஒளிந்துகொள்ளும் இடமே அழிந்துபோகிறது. அதுவே உடல் முழுக்க நடந்தால் செப்சிஸ் என்ற உயிராபத்தான நிலை.

இரைப்பை, குடல் ஆகியவற்றின் உள்வரிச் செல்களில் இன்னொரு வழியும் உண்டு. வயிற்றுப்புண் கிருமியான ஹெலிகோபாக்டர் பைலோரி தன் குமிழ்கள் மூலம் பெப்டிடோகிளைக்கன் துணுக்குகளைச் செல்லுக்குள் அனுப்புகிறது. உள்ளே இருக்கும் நாட்1 என்ற ஏற்பி அதைக் கண்டுபிடிக்கிறது. அங்கிருந்து கிளம்பும் செய்தியும் என்.எஃப். கப்பா பியிடம்தான் போய் முடிகிறது.

எல்லாக் குமிழும் அழற்சியைக் கிளப்பும் என்று நினைத்துவிட வேண்டாம். நுரையீரலைப் பிடிக்கும் சூடோமோனாஸ் ஏருஜினோசா தன் குமிழில் ஒரு சிறு ஆர்.என்.ஏ. துண்டை வைத்து அனுப்புகிறது. அது மூச்சுக்குழாய்ச் செல்லின் இன்டர்லூகின் 8 உற்பத்தியைக் குறைக்கிறது. கூப்பிட ஆளில்லாததால் நியூட்ரோஃபில்கள் குறைவாகவே வருகின்றன, கிருமி நிம்மதியாகத் தங்குகிறது. அழற்சி குறைந்ததெல்லாம் நல்லது என்று எடுத்துக்கொள்ள முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. பல் ஈறு நோயில் வரும் போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் வேறு மாதிரி. அதன் குமிழ்களில் ஜிஞ்சிபெய்ன் என்ற புரதம் அறுக்கும் நொதிகள் நிறைந்திருக்கின்றன, அவை ஈறுத் திசுவையே சிதைக்கின்றன.

மனித நோயில் குமிழின் கையை நேரடியாகப் பார்த்த இடம், மூளைச்சவ்வு அழற்சியை உண்டாக்கும் மெனிங்கோகாக்கஸ். இந்தக் கிருமி அளவுக்கு மீறிக் குமிழ் விடும். அது ரத்தத்தில் பரவிய நோயாளிகளின் ரத்தத்திலும் தண்டுவட நீரிலும் குமிழ்களை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டிருக்கிறார்கள். ரத்தத்தில் எண்டோடாக்சின் ஏற ஏற நோயின் கடுமையும் ஏறுகிறது. அதே கிருமியின் குமிழ்தான் தடுப்பூசியாகவும் ஆனது. பித்த உப்புச் சோப்பால் கழுவி எல்.பி.எஸ்.ஸைப் பெருமளவு நீக்கிய குமிழ்களைக் கொண்டு கியூபாவிலும் நார்வேயிலும் தடுப்பூசி செய்தார்கள். நியூசிலாந்தில் 2004இல் தொடங்கி அங்கே பரவிய வகைக்கென்றே செய்ததைப் போட்டார்கள். அதைப் போட்டுக்கொண்டவர்களிடம் கொனோரியா என்ற பால்வினைத் தொற்று ஏறக்குறைய 31 சதவீதம் குறைவாக இருந்தது பிற்பாடு தெரியவந்தது. கொல்வதும் காப்பதும் ஒரே குமிழ். எல்.பி.எஸ். எவ்வளவு, எந்த வழியாக உள்ளே போகிறது என்பதில்தான் வித்தியாசம். தம்பி காப்ஸ்யூல் பற்றி யோசிக்கும்போது இதை மறக்கக் கூடாது.

சரி, அவருடைய குடலுக்கு வருவோம். பெருங்குடலின் உள்பக்கம் இரண்டு அடுக்குச் சளிப்படலம் உண்டு. வெளி அடுக்கில் பாக்டீரியா குடியிருக்கும். செல்லை ஒட்டிய உள் அடுக்கில், நலமாக இருக்கும்போது, பாக்டீரியா அநேகமாக இருக்காது. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் உள்ளவர்களிடம் இந்த உள் அடுக்கு பழுதுபட்டிருக்கிறது. பாக்டீரியாவால் கடக்க முடியாத படலத்தையும் குமிழால் கடக்க முடியும். பாக்டீராய்ட்ஸ் தீட்டாஅயோட்டாமைக்ரான் என்ற சாதாரணக் குடல்வாசியின் குமிழ்கள் படலத்தைத் தாண்டிக் குடல்சுவரின் மேக்ரோபேஜ்களை எட்டி அழற்சியை உண்டாக்கியதை எலிகளில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் எந்த எலிகளில்? அழற்சியை அடக்கும் ஜீன்கள் ஏற்கெனவே பழுதாக்கப்பட்ட எலிகளில். எல்லோருடைய குடலிலும் இரவு பகலாகக் குமிழ்கள் உதிர்ந்துகொண்டுதான் இருக்கின்றன. உங்கள் குடலிலும் உண்டு, என் குடலிலும் உண்டு. நமக்குக் கொலைட்டிஸ் வரவில்லையே. குமிழை மட்டும் குற்றவாளியாக்கினால் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காது.

இதன் மறுபக்கத்தைக் காட்டியது பாக்டீராய்ட்ஸ் ஃப்ராஜிலிஸ். அதன் குமிழில் பாலிசாக்கரைடு ஏ என்ற சர்க்கரைச் சங்கிலி இருக்கிறது. 2012இல் வெளியான ஆய்வில், குமிழ்களை மட்டும் பிரித்து எலிகளுக்கு வாய்வழி கொடுத்தபோது, வேதிப்பொருளால் வரவழைத்த கொலைட்டிஸிலிருந்து அவை தப்பின. டென்ட்ரைட்டிக் செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்கள் குமிழை வாங்கிக்கொண்டு, சண்டையை அடக்கும் ‘ஒழுங்குபடுத்தும் டி செல்களை’த் தூண்டி, அழற்சியைத் தணிக்கும் இன்டர்லூகின் 10 சுரக்கச் செய்தன. அந்தச் சர்க்கரை இல்லாத குமிழ் பலன் தரவில்லை. தம்பி பார்த்த காப்ஸ்யூல் விளம்பரத்துக்கு மூலம் இந்த மாதிரி ஆய்வுகளாகத்தான் இருக்கும். 2016இல் தொடர்ச்சி வந்தது: குமிழின் செய்தியைப் படிக்க, வாங்கும் செல்லில் ஏ.டி.ஜி.16எல்1, நாட்2 என்ற இரண்டு ஜீன்களும் சரியாக இருக்க வேண்டும். இரண்டுமே குரோன்ஸ் என்ற இன்னொரு குடல் அழற்சி நோயோடு தொடர்புள்ள ஜீன்கள். ஏ.டி.ஜி.16எல்1 ஜீனில் குரோன்ஸுக்கான மாறுபாடு உள்ள நோயாளிகளின் செல்களுக்கு அதே நல்ல குமிழைக் கொடுத்தும், அடக்கும் டி செல்கள் சரியாக எழவில்லை. செய்தி வந்தது, படிக்கத்தான் ஆளில்லை. போதாததற்கு, இதே பாக்டீராய்ட்ஸ் ஃப்ராஜிலிஸில் நச்சுப் புரதம் செய்யும் ரகங்களும் உண்டு, அவற்றின் குமிழ்களில் அந்த நச்சும் போகிறது. ‘நல்ல பாக்டீரியா’ என்று டப்பாவில் போட்டிருப்பதை நம்ப முடியாத காரணம் இதுதான். ரகம் தெரியாமல் பெயரை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

இப்போது அவருடைய யோசனைகளுக்கு வருகிறேன்.

ஆன்டிபயாடிக் வேண்டவே வேண்டாம். பாக்டீரியா உயிரோடு இருக்கும்போது மட்டும் குமிழ் விடுவதில்லை. சூடோமோனாஸ் செல்கள் வெடிக்கும்போது, சிதறிய சவ்வுத் துண்டுகள் சுருண்டு மூடிக் குமிழ்களாவதைப் படமே எடுத்திருக்கிறார்கள். டி.என்.ஏ.வைச் சேதப்படுத்தும் சில ஆன்டிபயாடிக்குகள் இந்த வெடிப்பைக் கூட்டுகின்றன. பாக்டீரியா செத்தாலும் எல்.பி.எஸ். அழியாது, கொதிக்க வைத்தாலும் எளிதில் அழியாது. குமிழ்கள் பாக்டீரியாவுக்குக் கவசமாகவும் நிற்கும்: பாலிமிக்சின் போன்ற மருந்தைத் தாங்களே உறிஞ்சிக்கொள்ளும், பீட்டா லாக்டமேஸ் நொதியைச் சுமந்துபோய்ப் பென்சிலின் வகை மருந்துகளைச் செல்லுக்கு வெளியிலேயே உடைக்கும். இவையெல்லாம் ஒருபுறம் இருக்க, கொலைட்டிஸ் உள்ளவர் காரணமில்லாமல் ஆன்டிபயாடிக் சாப்பிடுவதில் எனக்குள்ள பெரிய பயம் குளோஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற குடல் கிருமியின் தொற்று. அமைதியாக இருக்கும் நோயை அது கிளப்பிவிடும். அப்படிப் படுத்த படுக்கையாக வந்தவர்களை நான் கவனித்திருக்கிறேன்.

காப்ஸ்யூலும் வேண்டாம். அல்சரேட்டிவ் கொலைட்டிஸுக்கு மருந்தாக அங்கீகாரம் பெற்ற குமிழ்க் காப்ஸ்யூல் ஒன்றுகூட இல்லை. விற்பவரிடம் தம்பி கேட்டுப் பார்க்கட்டும்: எந்த ரகம், ஒரு காப்ஸ்யூலில் எத்தனை குமிழ், எல்.பி.எஸ். எவ்வளவு, செல் உடைந்த துணுக்குகளிலிருந்து குமிழை எப்படிப் பிரித்தார்கள்? ஆய்வகத்தில் இதே வேலை செய்பவர்களுக்கே கடைசிக் கேள்வி தலைவலி. உடைந்த கசையிழைகள், பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்கள் எல்லாம் குமிழ் அளவிலேயே இருப்பதால் ஒன்றோடு ஒன்று கலந்து வரும்.

பாக்டீரியா வைத்தியம் மொத்தமும் பொய் என்றும் நான் சொல்லவில்லை. 1917இல் ஆல்ஃபிரட் நிஸ்லே ஒரு படைவீரரின் மலத்திலிருந்து எடுத்த ஈ.கோலை நிஸ்லே 1917 என்ற உயிருள்ள ரகத்தை, 327 நோயாளிகளில் ஒரு வருடம் மெசாலமைனோடு ஒப்பிட்டு 2004இல் முடிவை வெளியிட்டார்கள். நோய் திரும்பியது நிஸ்லே குழுவில் 36.4 சதவீதம், மெசாலமைன் குழுவில் 33.9 சதவீதம். கிட்டத்தட்ட ஒன்றுதான். மருத்துவர் பார்வையில், தெரிந்த ரகத்தை, தெரிந்த அளவில் கொடுத்துச் செய்த சோதனை அது. ஆர்வம் இருந்தால் தம்பி தன் மருத்துவரிடம் இதைப் பற்றிப் பேசலாம். தானே மாற்றிக்கொள்ளக் கூடாது.

இப்போது அந்த வரி. மெசாலமைன் குமிழைத் தொடாது, வாஸ்தவம். ஆனால் குமிழ் டி.எல்.ஆர்.4 வழியாக வந்தாலும் நாட்1 வழியாக வந்தாலும் எழுப்புவது என்.எஃப். கப்பா பியை என்று பார்த்தோமே, மெசாலமைன் அங்கேதான் வேலை செய்கிறது. குடலின் உள்வரிச் செல்களில் பி.பி.ஏ.ஆர். காமா என்ற அடக்கும் ஏற்பியை அது இயக்குகிறது, என்.எஃப். கப்பா பி விழிப்பதைக் குறைக்கிறது. வீடியோவில் கண்ட அதே அழற்சிப் பாதையின் குறுக்கேதான் அவருடைய மாத்திரை ஒன்றரை வருடமாக நின்றுகொண்டிருக்கிறது. அவர் நன்றாக இருப்பது மாத்திரை தேவையில்லை என்பதற்குச் சாட்சி இல்லை. அமைதியான கொலைட்டிஸோடு மெசாலமைன் எடுத்தவர்களைப் பின்தொடர்ந்த 2003 ஆய்வில், ஒழுங்காகச் சாப்பிடாதவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு ஐந்து மடங்குக்கும் மேல் இருந்தது.

இதைச் சொல்லும்போது கோபமாகச் சொல்லாதீர்கள். 27 வயதில் தினமும் மாத்திரை என்பது ஒரு பாரம். ‘மூல காரணத்தையே அடிக்கலாம்’ என்று யாராவது சொன்னால் மனம் அந்தப் பக்கம் சாயத்தான் செய்யும். தினமும் பல தடவை போடுவது சிரமமாக இருந்தால், ஒரே வேளையில் எடுக்கும்படி மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். பலருக்கு அது ஒத்துவருகிறது.

குமிழைக் கணக்கிட ரத்தப் பரிசோதனை இருக்கிறது என்று யாராவது சொன்னால் அதற்குச் செலவழிக்க வேண்டாம், அந்த முடிவை வைத்து வைத்தியத்தில் எதையும் மாற்ற முடியாது. மாத்திரையைக் குறைத்திருந்த இந்தக் காலத்தில் குடலில் அழற்சி தலைதூக்கியதா என்று பார்க்க மலத்தில் கால்ப்ரொடெக்டின் அளவு பாருங்கள். குடலுக்குள் வந்த நியூட்ரோஃபில்கள் விடும் புரதம் அது. ரத்தம் தெரிவதற்கு முன்பே அது ஏறியிருக்கக் கூடும். இந்த வாரமே கொடுத்துவிட்டால் நல்லது. நடுவில் மலத்தில் ரத்தமோ சளியோ கண்டால், அல்லது இரவில் தூக்கம் கலைந்து போக வேண்டியிருந்தால், பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஒரே நாளில் 6 தடவையோ அதற்கு மேலோ ரத்தத்தோடு போய், கூடவே காய்ச்சலோ வேகமான நாடித்துடிப்போ இருந்தால் நேராக மருத்துவமனைதான், அன்றைக்கே.